எதை விற்பது என்ற பயம்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது எங்கள் பாத்திரக்கடையின் முன்பாதி போய்விட்டது. கண்ணாடி அலமாரியும் கல்லாவும் குத்துவிளக்குகள் அடுக்கிய படிகளும் இருந்த பாதி அது. மிச்சம் இருந்தது குடோன் மாதிரி ஒரு நீளமான அறை. அதற்கு ஒரு தற்காலிக ஷட்டர் போட்டோம். ஷட்டருக்கும் சாலைக்கும் நடுவே தோண்டிப்போட்ட பள்ளம். பள்ளத்தின் மேல் ஒரு பலகை. அதில் நடந்து வந்து குடம் வாங்க யாருக்கும் மனம் வரவில்லை. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வேறு பகல் முழுக்க வரிசையில் நின்று எங்களை மறைத்தன.

என் கணவரின் அப்பா நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து வைத்த கடை. அவர் இறந்த பிறகு என் கணவர்தான் பார்த்துக்கொண்டார். அவருக்குப் பயம் வந்தால் பேச்சு நின்றுவிடும். துணியை எடுத்து, ஏற்கெனவே பளபளக்கிற பாத்திரங்களை மறுபடி துடைப்பார். எனக்குப் பயம் வேறு மாதிரி. காலையில் கண் விழித்ததும் அது வந்துவிடும். பிறகுதான் எதற்கு என்று நினைவுக்கு வரும். மகள் அப்போது யு.கே.ஜி. படித்தாள். பள்ளிச் சீருடையைத் தேய்க்கும்போதெல்லாம் அடுத்த வருடம் இந்தப் பள்ளிக்கு அனுப்ப முடியுமா என்று யோசிப்பேன்.

அந்த வருடங்களில் எல்லோர் வாயிலும் ஆன்லைன் பேச்சு. நான் பி.காம். படித்தவள். கல்யாணத்துக்கு முன் ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் கம்ப்யூட்டரில் டைப் அடித்திருக்கிறேன். அந்தத் தைரியத்தில் தேரடிப் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அதை ஓர் அக்கா நடத்திவந்தார். ஐம்பதைத் தாண்டியவர், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், யாருக்கும் அஞ்சாத குரல்.

"வெப்சைட்டு போட்டுக்கலாம். ஆளு கீறான். ஆனா இன்னா விக்கப்போற, அத்த மொதல்ல சொல்லு" என்றார்.

தெரிந்தவர்களைக் கேட்டேன். பட்டுப்புடவை என்றார் ஒருவர். கவரிங் நகை என்றார் இன்னொருவர். எங்களிடம் எப்போதும் மீன் விற்க அலுமினியக் கூடை வாங்கும் காசிமேட்டு அம்மா, "கருவாடு போடு. ஃபாரின்ல நம்ம ஜனங்க அதுக்குத்தான் ஏங்கிகினு கீது" என்றார். எல்லாமே சரி என்று தோன்றியது. எல்லாமே தப்பு என்றும் தோன்றியது. புடவை பற்றி எனக்கு என்ன தெரியும்? கருவாடு நனைந்து நாறினால் யார் பொறுப்பு? ஒன்றைத் தேர்ந்தெடுத்து அது தோற்றுப்போனால் அந்தப் பழி என் மேல் அல்லவா விழும்?

கடைசியில் என் கணவர்தான் சொன்னார். "கடையில உள்ள எல்லாத்தையும் போட்ரு. எது வேணுமோ அத வாங்கிட்டுப் போவட்டும்."

எல்லாவற்றையும் போட்டோம். இரவல் கேமராவில் டம்ளர், தட்டு, தூக்குவாளி, இட்லிப்பானை, குத்துவிளக்கு, மிக்ஸி, கிரைண்டர் என்று ஒவ்வொன்றாகப் படம் எடுத்தேன். பின்னணிக்கு என் வெள்ளைத் துப்பட்டா. இணையதளம் வந்த நாளிலிருந்து தினமும் காலையில் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு சென்டருக்குப் போய் மெயில் பார்ப்பேன். ஒன்றும் வராது. உலகம் முழுக்கக் கடை விரித்தும் பள்ளத்துப் பலகையில் நடந்து வந்தவர்கள் அளவுக்குக்கூட ஆள் வரவில்லை.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு மெயில் வந்தது. வெளிநாட்டில் ஒரு பள்ளிக்கூடமாம், சாப்பாட்டுத் தட்டு ஆயிரக்கணக்கில் வேண்டுமாம். கூடுதலாகவே காசோலை அனுப்புவார்களாம், மிச்சத்தை அவர்களுடைய லாரி ஏஜென்டுக்கு நாங்கள் உடனே கட்டிவிட வேண்டுமாம். அதை அச்செடுத்துக் கடைக்குக் கொண்டுபோனேன். என் கணவர் வெகு நாளைக்குப் பிறகு சிரித்தார். யாரிடமெல்லாம் தட்டு வாங்கிச் சேர்க்கலாம் என்று அப்போதே பேச ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் பதில் டைப் அடித்துக்கொண்டிருந்தபோது அக்கா பின்னால் வந்து நின்று படித்தார்.

"இன்னாமா இது. அதிகமா குடுத்துட்டு மிச்சத்த திருப்பிக் கேக்குறவன் யாரு இந்த உலகத்துல? செக்கு பேங்குல திரும்பி வந்துச்சின்னா? நீ கட்டுன துட்டு போனது போனதுதான். டபாய்க்கிறான்மா."

அதுவரை அடித்ததை அழித்தேன். வேண்டாம் என்று ஒரே வரியில் பதில் அனுப்பினேன். அதற்கு அவர்களிடமிருந்து வந்த மெயில்தான் பயங்கரம். நாங்கள் ஒப்பந்தத்தை மீறிவிட்டோமாம். வக்கீல் மூலம் போலீசுக்குப் போகப்போகிறார்களாம். எங்கள் கடை விலாசம் முழுதாக அதில் இருந்தது. நாங்களே தளத்தில் போட்ட விலாசம்தான். ஆனாலும் அதை வேறொருவர் எழுத்தில் பார்த்தபோது அந்நியன் ஒருவன் வீட்டுக் கதவைத் தட்டியதுபோல் இருந்தது.

"அவன் மெரட்டுறான், நீ கம்முனு இரு" என்றார் அக்கா. என்னால் இருக்க முடியவில்லை. சாலையில் ஜீப் ஒன்று வேகத்தைக் குறைத்தால் ஷட்டரின் உள்பக்கம் நகர்ந்து நின்றுகொள்வேன். தளத்தையே மூடிவிடலாம் என்று என் கணவரும் சொன்னார். மூடுவதற்காகத்தான் ஒரு நாள் சென்டருக்குப் போனேன்.

அன்றைக்கு மஸ்கட்டிலிருந்து ஒரு மெயில் கிடந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார் ஒரு பெண். எங்கள் தளத்தில் இருக்கிற மிக்ஸியைத்தான் அவரும் ஊரிலிருந்து தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். ஜாருக்கு அடியில் மோட்டாரோடு பிணைகிற கறுப்புப் பல்சக்கரம், கப்ளர் என்பார்களே, அது உடைந்துவிட்டது. அங்கே உள்ள கடையில் மிக்ஸியையே தூக்கிப் போடச் சொல்கிறார்கள். அடுத்த வாரம் மாமியார் வருகிறார். "மிக்ஸி வேண்டாம், அந்தச் சக்கரம் மட்டும் கிடைக்குமா?" என்று கேட்டிருந்தார்.

நாங்கள் அதை விற்றதே இல்லை. நாலு கடை தள்ளி மிக்ஸி ரிப்பேர் கடையில் வாங்கினேன். உள்ளங்கையில் வைத்தால் எடையே தெரியாது. தெருவில் அது ஒரு டீக்காசு. கவரில் போட்டுத் தபாலில் அனுப்பிவிட்டு, இதிலும் ஏதாவது சூது இருக்குமோ என்று பயந்துகொண்டே இருந்தேன்.

சக்கரம் கிடைத்ததும் அந்தப் பெண் பணம் அனுப்பினார், தன் சர்ச்சிலும் சொல்லியிருக்கிறார். அங்கிருந்து இன்னும் சிலர் எழுதினார்கள். குக்கர் கேஸ்கட், குக்கர் வெயிட், கிரைண்டர் பெல்ட், ஜார் பிளேடு. ஒருவர்கூட டம்ளர் கேட்கவில்லை. வெளிநாட்டுத் தமிழ்ப் பெண்கள் கூடிப் பேசுகிற இணையப் பக்கங்களைத் தேடிப் படித்தேன். சமையல் குறிப்புகளுக்கு நடுவே திரும்பத் திரும்ப இதே புலம்பல். ஜார் ஒழுகுகிறது, வாஷர் கிடைக்கவில்லை, அடுத்த லீவு வரைக்கும் தேங்காய்ச் சட்னி கிடையாது. டம்ளர் எல்லா ஊரிலும் கிடைக்கும். இந்தச் சின்னச் சாமான் நம் தெருவைத் தாண்டினால் கிடைக்காது. இதை யாரும் விற்கவும் இல்லை. யாரும் விற்கவில்லை என்பதே எனக்குப் பயமாக இருந்தது. நமக்குத் தெரியாத காரணம் ஏதாவது இருக்குமோ?

கணவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"பாத்திரக்கடைக்காரன் மவன் வாஷர் விக்கான்னு ஊர்ல சொல்லணுமா?" என்றார். துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது. அமெரிக்காவில் ஒரு பெண் தன் சிநேகிதிகளுக்கும் சேர்த்து மிக்ஸி பிளேடுகள் கேட்டிருந்தார். நான் அவற்றை ஒவ்வொன்றாக பிளாஸ்டர் சுற்றி, பெட்டியில் அடுக்கி, மேலே 'பிளேடு' என்று மட்டும் எழுதி அனுப்பியிருந்தேன். வெளிநாட்டுத் தபால்களைச் சோதிக்கிற அலுவலகத்திலிருந்து பேசினார்கள். கூர்மையான உலோகப் பொருள் இருக்கிறதாம். அடையாள அட்டையோடு நேரில் வர வேண்டுமாம்.

போனை வைத்துவிட்டு என் கணவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். குண்டு, தீவிரவாதம் என்று பேப்பரில் படித்த எல்லாம் தலைக்குள் வந்தது. என் கணவர் ஷட்டரை இறக்கிப் பூட்டினார். "நானும் வாரேன்" என்றார். கிளம்பும் முன் என்ன தோன்றியதோ, பிளேடு கழற்றிய ஒரு மிக்ஸி ஜாரையும் ஒரு கப்ளரையும் எடுத்து என் கைப்பையில் திணித்தேன். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டோம். போலீஸ் என்னைப் பிடித்துவைத்துக்கொண்டால் சாயங்காலம் அவளுக்கு யார் தலை பின்னுவது என்று பஸ்ஸில் போகும்போது யோசித்தது நினைவிருக்கிறது.

வெகுநேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பிறகு ஓர் அதிகாரி கூப்பிட்டார். ஒல்லியான மனிதர், முகத்தில் எதுவும் தெரியவில்லை. மேஜை மேல் என் பெட்டி பிரித்துக் கிடந்தது. பிளாஸ்டர் சுற்றிய அந்த இரும்புத் துண்டுகளை அந்த மேஜையில் பார்த்தபோது எனக்கே சந்தேகம் வந்தது.

"என்னம்மா இது?"

"மிக்ஸி பிளேடு சார்."

"ஒரு வீட்டுக்கு எதுக்கு இத்தனை?"

"பல வீட்டுக்கு சார். அங்க கெடைக்காது."

ஜாரை வெளியே எடுத்தேன். ஒரு பிளேடின் பிளாஸ்டரை உரித்து உள்ளே பொருத்தப் பார்த்தேன். அவசரத்தில் மரை பிடிக்கவில்லை. மறுபடி முயன்றேன், பிளேடு நழுவி மேஜையில் விழுந்து சத்தமிட்டது. அடுத்த மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் கணவர் என் கையிலிருந்து ஜாரை வாங்கினார். பிளேடை இறக்கி, அடியில் கப்ளரைத் திருகி, விரலால் சுற்றிக் காட்டினார்.

"சார், நாங்க பாத்திரக்கட வச்சிருக்கோம். இது தேங்கா அரைக்கியது. ஒடஞ்சுபோனா அந்தப் பொம்பளைங்க என்ன செய்வாங்க? அதுக்குத்தான் அனுப்புதோம்."

காலையிலிருந்து அவர் பேசிய முதல் நீளமான பேச்சு அது.

அதிகாரி ஜாரை வாங்கி உள்ளே பார்த்தார். "வெறும் பிளேடுன்னு எழுதினா நான் என்னன்னு நினைக்கிறது? வீட்டு மிக்ஸி பாகம்னு முழுசா எழுதணும். கடை பில் வைக்கணும். முனையை அட்டையில பொதியணும்" என்றார். ஒரு தாளில் விளக்கம் எழுதி வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான். போகச் சொல்லிவிட்டார்.

வெளியே வந்து மதில் ஓரத்தில் வாந்தி எடுத்தேன். என் கணவர் சோடா வாங்கிக் கொடுத்தார். திரும்பும் பஸ்ஸில், இதோடு எல்லாவற்றையும் நிறுத்து என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். ராயபுரம் பாலம் ஏறும்போதுதான் வாயைத் திறந்தார்.

"அந்தத் தட்டு டம்ளரையெல்லாம் தூக்கிரு."

என் கைப்பையில் துருத்திக்கொண்டிருந்த ஜாரைத் தொட்டுக் காட்டினார்.

"ஒரு தட்டுக்காவ யாராவது நம்மள இப்படி வரவச்சிருக்காவளா? இதுக்கு அங்க ஆள் காத்துக் கெடக்கு. இவ்வளவு பயந்தாச்சு, இனி இதையே செய்வோம்."

மறுநாள் சென்டரில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாக அழித்தேன். டம்ளர் போயிற்று, தூக்குவாளி போயிற்று, குத்துவிளக்கு போயிற்று. ஒவ்வொரு முறையும் 'நிச்சயமாக அழிக்கவா' என்று அந்த இயந்திரம் கேட்டது. எனக்கு நிச்சயம் எதுவும் இல்லை. எல்லாம் இருந்தவரை, எதுவும் விற்காவிட்டாலும், ஏதோ ஒன்று ஒருநாள் விற்கும் என்று நம்பிக்கொள்ள இடம் இருந்தது. இப்போது அந்த இடமும் போயிற்று. அக்கா திரையைப் பார்த்துவிட்டு, "வெறும் ஸ்பேர் பார்ட்ஸா? பேஜாரான ஐடியாமா. ஆனா எங்கூட்டு குக்கருக்கும் கேஸ்கட்டு வேணும், எடுத்து வை" என்றார்.

அடுத்த வாரம் என் கணவர் பாரிமுனையில் மொத்த வியாபாரியிடம் சாமான் எடுக்கக் கிளம்பினார். செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்டார், "கப்ளர் எவ்வளவு எடுக்க?"

அதுவரை நாங்கள் பத்து இருபதுக்கு மேல் வாங்கியதில்லை. மூட்டையாக எடுத்தால்தான் வியாபாரம் கட்டுப்படியாகும் என்று எனக்குத் தெரியும். விற்காவிட்டால் அது வேறு எதற்கும் ஆகாது, பழைய சாமான் எடுக்கிற காய்லாங்கடையில்கூட வாங்க மாட்டார்கள் என்பதும் தெரியும்.

"ஒரு மூட்டை எடுங்க" என்றேன்.

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் பலகை மேல் நடந்து சாலைக்குப் போனார். நான் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

முதல் மாதம் மூட்டை வாய் கட்டியபடியே கிடந்தது. தீபாவளி நெருங்கியபோது முறுக்குக்கும் அதிரசத்துக்கும் மாவு அரைக்க வேண்டியவர்கள் வரிசையாக எழுத ஆரம்பித்தார்கள். மகள் அதற்குள் அதே பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். அடுத்த பொங்கலுக்குள் மூட்டை காலியானது. அடுத்த தடவை இரண்டு மூட்டை எடுத்துவரச் சொன்னபோது என் குரல் முன்னைவிட அதிகமாகவே நடுங்கியது.