போனை அணைத்துவிட்டுப் பார்த்த வேலை

மனை காட்டக் கிளம்பும்போதெல்லாம் போனை அணைத்துவிடுவேன். இடையில் யாராவது கூப்பிட்டு, நான் எங்கே, யாரோடு நிற்கிறேன் என்பது தெரிந்துவிட்டால், சிங்கவரம் சாலையில் எனக்கு எதிரே மனை போட்டிருப்பவர் வந்த ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடுவார். இதைத் தொழில் ரகசியம் என்று வேறு மெச்சிக்கொண்டிருந்தேன். என் அறிவு அவ்வளவுதான்.

வருமான வரி ஆபீசிலிருந்து கேள்வி வந்தது. செஞ்சி பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் நான், மனைத் தொழிலுக்கு எவ்வளவு நேரம் செலவிட்டேன்? ஆதாரம் என்ன? காட்டாவிட்டால் அதைத் தொழிலாகவே ஏற்க மாட்டார்கள். மண் அடித்தது, கல் நட்டது என்று எந்தச் செலவையும் வருமானத்தில் கழிக்க விடமாட்டார்கள். வரி கட்ட, மகளுக்கென்று ஒதுக்கிய மூலை மனையை விற்க வேண்டியதுதான்.

நான் போய்வந்த இடங்களைப் போனே குறித்து வைத்திருக்குமாம்; ஆடிட்டர் அதை எடுத்துப் பார்த்தார்.

"இன்னா சார் இது? கடை, டீக்கடை, வூடு. மனைப் பக்கம் நீங்க போனதாவே காட்டல."

"அங்க போனா ஆஃப் பண்ணிடுவேன் சார்."

"வேலை செய்யும்போது மட்டும் ஆஃபா?"

"ஆமா சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளைக்கு சாயங்காலம் கடைசி. உங்கள அங்க பாத்த ஆளு யாராச்சும் இருந்தா புடிங்க."

பார்த்த ஆள் ஒருவர்தான், அந்த எதிர் மனைக்காரர். அவரோடு எனக்குப் பேச்சு நின்று ஒரு வருஷம். அன்று மாலை அவருடைய ஷெட்டின் முன்னால் போய் நின்றேன். மூலை மனை விலைக்கு வந்தால் முதலில் வந்து நிற்கப்போவதும் அவர்தான்.

விஷயத்தைச் சொல்லி முடித்தேன்.  அவர் தன் போனை எடுத்து விரலால் தள்ளிக்கொண்டே இருந்தார். 'அவ்வளவுதான்' என்று நான் திரும்பப் போகையில் திரையை என் பக்கம் நீட்டினார்.

வேப்பமரத்துக்குப் பின்னாலிருந்து எடுத்த படங்கள். என்னிடம் வந்தவர்களின் கார் நம்பரைப் பிடிக்க எடுத்தவை. ஒவ்வொன்றிலும் தேதி, நேரம். ஓரத்தில், ராஜகிரிக் கோட்டையைக் கைநீட்டிக் காட்டியபடி தொப்பையோடு நான்.

"எனக்கும் ஒரு நாளு இந்தக் கேள்வி வரும். அப்ப நீ வந்து நிக்கணும்" என்று சொல்லி எல்லாவற்றையும் அனுப்பினார்.

சில வாரம் கழித்து, வரி ஆபீசிலிருந்து ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. மூலை மனை தப்பித்ததைச் சொல்ல அவரிடமே ஓடினேன்.

"போன அணைச்சா ஆளே தெரியாதுன்னு நெனச்சிக்கினியாண்ணே? மொதல்ல உன் வண்டி சைலன்சர மாத்து. நீ கெளம்பறது செஞ்சிக்கே கேக்குது."