கம்பத்தடிச் செம்மண்

1974 ஜனவரி 20, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தரைக்கு மாதா கோயில் மணி அடித்தது. அம்மா அடுப்பில் வெந்நீர் ஏற்றிவிட்டு முதல் பூசைக்குப் புறப்பட்டாள். அப்பா மாடுகளுக்கு வைக்கோல் உதறிப் போட்டார். நான் தம்பிக்குத் தலை வாரிவிட்டேன். நாங்களும் போய், பூசை முடிந்து வந்து பழைய சோறும், பொங்கலுக்குச் சுட்டு மீந்திருந்த அதிரசமும் சாப்பிட்டோம். எட்டு மணிக்கு மில் வேன் வந்து சித்தப்பாவை ஏற்றிக்கொண்டு போனது. எட்டேகாலுக்கு ஊர்க்காரர்களின் லாரி புறப்பட்டது. அதில் அப்பாவோடு நானும் தம்பியும் ஏறினோம்.

வில்லியனூருக்குப் பக்கத்தில் இருந்தது எங்கள் ஊர். அன்று காலை பத்து மணிக்குப் புதுச்சேரியில் ஒரு பள்ளியின் சிமெண்ட் தரையில் கூடைப்பந்து இறுதி ஆட்டம். ஆடியது எங்கள் மில் டீம்.

டீம் தொடங்கி அப்போது ஏழு வருடம் ஆகியிருந்தது. கல்லூரியில் கூடைப்பந்து ஆடிய ஓர் அதிகாரி 1967இல் பஞ்சாலைக்கு வேலைக்கு வந்தார். மில்லின் பெயரில் ஒரு டீம் இருந்தால் கௌரவம் என்று முதலாளியிடம் பேசிச் சம்மதம் வாங்கினார். மில்லுக்குள் காலியிடம் இல்லாததால் எங்கள் கோயில் மைதானத்தில் இரண்டு தண்டவாளத் துண்டுகளைக் கம்பமாக நட்டு, பலகை அடித்து, வளையம் மாட்டினார்கள். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து உயரமான பையன்கள் எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆடுவதற்காகவே அவர்களுக்கு வேலை கொடுத்தார்கள். இரண்டு மணி வரை நூல் கட்டுகளைத் தூக்குவார்கள், பிறகு பயிற்சி. பயிற்சிக்குப் பின் ஆளுக்கு இரண்டு அவித்த முட்டை. மில்லில் மற்றவர்கள் அவர்களை முட்டை டீம் என்றுதான் கூப்பிட்டார்கள். எட்டுப் பேரும் டெம்பரரி. இந்த ஆட்டத்தில் ஜெயித்தால் பர்மனென்ட் ஆக்குவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். எட்டுப் பேரில் ஒருவரான சித்தப்பாவுக்கு அப்போது வயது இருபத்தாறு. பர்மனென்ட் ஆனதும் கல்யாணம் என்று பெண் வீட்டில் பேசி வைத்திருந்தார்கள்.

டீமுக்கு மில் செய்தது அவ்வளவுதான். மைதானத்தைப் பார்த்துக்கொண்டவர் அப்பா. ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஆடுகளம் கரைந்து குழி விழும். தை மாதம் அறுவடை முடிந்ததும் அப்பா எங்கள் வண்டியில் மேட்டுச் செம்மண்ணை ஏற்றி வந்து கொட்டிப் பரப்பி, தண்ணீர் தெளித்து, உருளை இழுப்பார். யாரும் கேட்டு அவர் செய்ததில்லை. கேட்காமலே செய்வதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. அந்த வேலை நடக்கும்போது மட்டும் அவர் தன் தம்பியான சித்தப்பாவை, ஊரார் காதில் விழும்படி, "எங்க டீம் புள்ள" என்று சொல்வார்.

எங்கள் மண்ணில் எங்கள் டீமை யாராலும் ஜெயிக்க முடிந்ததில்லை. வெளியூர்க்காரர்கள் எறியும் பந்து வளையத்தைத் தாண்டிப் போய்ப் பலகையில் மோதித் திரும்பும். நாங்கள் கைகொட்டிச் சிரிப்போம். எங்கள் ஆட்கள் வெளியூர் போவது அபூர்வம், மில்லில் விடமாட்டார்கள். போன இரண்டு மூன்று தடவையும் தோற்றுத் திரும்பினார்கள். சிமெண்ட் தரை கால் சுட்டது, கண் பட்டுவிட்டது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் போனது. சித்தப்பா எறிந்த பந்துகள் வளையத்தின் முன் விளிம்பில் பட்டு அவர் பக்கமே திரும்பின. ஆனாலும் மற்றவர்கள் ஓடி ஓடி ஆட்டத்தைச் சமாளித்தார்கள். முடிய சில விநாடிகள் இருக்கையில் நாங்கள் ஒரே ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். எதிராளி ஒருவன் சித்தப்பாவின் கையில் அடித்துவிட்டதால் அவருக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. தடுக்க ஆளில்லாமல் கோட்டில் நின்று எறிய வேண்டியதுதான். எங்கள் மைதானத்தில் அவர் அதைப் பேசிக்கொண்டே எறிவார். முதல் பந்து முன் விளிம்பில் பட்டது. லாரியில் வந்த எல்லோரும் எழுந்து நின்றோம். இரண்டாவதும் அதே இடத்தில் பட்டது.

ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது எங்கள் ஊர்க்காரர் ஒருவரே கேட்டார்.

"இன்னாபா, எதிர் டீம்காரன் எத்தினி பிரியாணி வாங்கிக் குட்த்தான்?"

இரண்டு பேர் சிரித்தார்கள். சித்தப்பா திரும்பிப் பார்க்கவில்லை. அதைக் கேட்டுக்கொண்டு நின்ற மேனேஜர் சிரிக்கவில்லை. நாளைக் காலை பத்து மணிக்கு ஆபீசுக்கு வந்து, இரண்டு பந்தும் ஏன் விழவில்லை என்று எழுதிக் கொடுக்கும்படி சித்தப்பாவிடம் சொன்னார். காரணம் சரியாக இல்லாவிட்டால் மில் பக்கமே வர வேண்டாம் என்றும் சொன்னார்.

இரண்டு மணிக்கு வீடு திரும்பினோம். சித்தப்பா சாப்பிடவில்லை. நாலு மணிக்குப் பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனார். நானும் தம்பியும் பின்னாலேயே போனோம்.

கோட்டில் நின்று எறிந்தார். விழுந்தது. மறுபடி எறிந்தார், விழுந்தது. பத்துப் பந்தும் விழுந்தன. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். எனக்குச் சந்தோஷம். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. பந்தை என்னிடம் கொடுத்துவிட்டுக் கம்பத்தின் அருகே போனார்.

அந்தக் கம்பத்தில் என் உயரக் கோடுகள் இருந்தன. எனக்கு ஐந்து வயதானதிலிருந்து ஒவ்வொரு புத்தாண்டுப் பூசை முடிந்ததும் என்னை அங்கே நிற்கவைத்துச் சித்தப்பா சிவப்புப் பெயிண்டால் கோடு போடுவார். பதினொரு வயதாகியும் வகுப்பில் நான்தான் குள்ளம். ஆனால் கம்பத்தின் கணக்குப்படி வருடத்துக்கு நாலு விரலுக்கு மேல் வளர்ந்துகொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்து அளவுகோல் தப்பு என்று வீட்டில் சொல்லியிருந்தேன்.

சித்தப்பா தம்பியைக் கூப்பிட்டுக் கம்பத்தோடு சாய்த்து நிறுத்தினார். தம்பிக்கு அப்போது ஐந்து வயது, ஒல்லிப் பையன். என் ஐந்து வயதுக் கோட்டுக்கு மேலே அவன் தலை ஒரு சாண் எழும்பி நின்றது.

"நீ இவன் வயசுல இவ்ளோ குள்ளமா?" என்றார் என்னிடம்.

எனக்கு அழுகை வந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. ஒரு குச்சியை எடுத்துக் கம்பத்தடியில் குத்திக் கிளறினார். பிறகு கையால் தோண்டினார். செம்மண் தட்டுத் தட்டாக, வருடத்துக்கு ஒன்றாகப் பெயர்ந்து வந்தது. ஒரு சாண் ஆழத்தில் சிமெண்ட் தெரிந்தது. கம்பத்தை நட்டபோது தரையோடு தரையாகப் பூசிய சிமெண்ட் அது. சித்தப்பா அண்ணாந்து வளையத்தைப் பார்த்தார். மறுபடி குழியைப் பார்த்தார். பத்தடி உயரத்தில் இருக்க வேண்டிய வளையம் எங்கள் மைதானத்தில் ஒரு சாண் தாழ்ந்திருந்தது. ஏழு வருடமாகத் தாழ்ந்துகொண்டே வந்திருந்தது. அவர் கை அதற்குத்தான் பழகியிருந்தது. அந்த ஒரு சாண் மண்ணில் அப்பாவின் வண்டியில் வராதது ஒரு கூடைகூடக் கிடையாது.

 சித்தப்பா, தோண்டிய மண்ணைக் குழியில் தள்ளி மூடி, மேலே காலால் மிதித்தார்.

"இத்த அப்பா கையில சொல்லாத. தம்பி, நீயுந்தான்."

"ஏன் சித்தப்பா?"

"வேணாம்மா. சொல்லாத."

நான் குள்ளம் என்பது அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்துத்தான் அவர் அப்படிச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அவர் மேல் எனக்கு மிகுந்த பிரியம் உண்டானது. வழியெல்லாம் அவர் விரலைப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.

வீட்டில் அப்பா வண்டிச் சக்கரத்துக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தார்.  எங்களைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"சிமிட்டித் தரைல எவன்டா ஆடுவான்? நம்ம மண்ணுல வெச்சிருந்தா அவுனுங்க கதை வேற. கம்பத்தாண்ட பள்ளமா கீது. நாளைக்கி ரெண்டு வண்டி அடிச்சிரலாம், இன்னா?"

சித்தப்பா தண்ணீர்ச் செம்பை வாயிலிருந்து எடுத்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"சரிண்ணா," என்றார்.

மில் ஆபீசில் அவர் எழுதிக் கொடுத்தது ஒரே வரி. 'கவனக்குறைவால் என் கை தவறிவிட்டது.' அங்கே குமாஸ்தாவாக இருந்த எங்கள் ஊர்க்காரர் பல வருடம் கழித்து அதை அம்மாவிடம் சொன்னார். சித்தப்பாவை அன்றே நிறுத்திவிட்டார்கள். மார்ச் மாதத்தோடு டீமையும் கலைத்தார்கள். பெண் வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். பிரியாணிப் பேச்சு மட்டும் ஊரில் சில வருடம் நடந்தது. அது காதில் விழும்போதெல்லாம் தன் தம்பிக்காகச் சண்டைக்குப் போனவர் அப்பா ஒருவர்தான். மேட்டுச் செம்மண்ணைப் போல ஆடுகளத்துக்கு வேறு மண் வாய்க்காது என்று அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள், ஜனவரி 21, திங்கட்கிழமை. நான் கண்விழித்தபோது வாசலில் மாட்டுச் சலங்கை கேட்டது. ஆபீசுக்குப் போக வேண்டிய வெள்ளைச் சட்டை கொடியில் தொங்க, சித்தப்பா பனியனோடு மாடுகளைப் பூட்டிக்கொண்டிருந்தார். அப்பா மண்வெட்டிகளை வண்டியில் போட்டார். தன் அண்ணனை முன்னால் உட்காரவைத்துவிட்டுச் சித்தப்பா பின்னால் ஏறிக்கொண்டார். ஏழு மணிக்குள் முதல் வண்டி மண்ணைக் கம்பத்தடியில் கொட்டி, இருவருமாகப் பரப்பி முடித்தார்கள்.