இலவமரத்துக்குக் குறுக்கே படுத்தவள்

நாள் குறித்த குஸ்திக்கு முன்னால் ஒரு பயில்வானிடம் போய், "தோத்துட்டா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்க யாருக்காவது வாய் வருமா? மதாம் ரோகாயாவுக்கு வந்தது. டக்கார் பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்கிறவர், தங்கமான மனுஷி, ஆனால் பிகின் தெருவில் ஒரு நாள்கூட நின்றதில்லை. முதல் குஸ்திக் கொட்டகையில் இந்தக் கேள்வியைக் கேட்டதும், அங்கிருந்த வாத்தியார் அவர் நின்ற இடத்தில் மந்திரித்த தண்ணீரை ஊற்றிக் கழுவினார். இரண்டாவது கொட்டகையில் அவர் காலடி மண்ணை அள்ளித் தெருவில் கொட்டினார்கள். மதாம் அரண்டுபோய்க் காரில் ஏறிக்கொண்டார்.

விளையாட்டு வீரர்களுக்கு நெருக்கடி வந்தால் எப்படித் தாங்குகிறார்கள் என்று அளக்கிற கேள்விகளாம் அவை. எங்கோ பனி கொட்டுகிற ஊரில் நீச்சல்காரர்களுக்காக எழுதியது. பல மொழிகளைச் சுற்றிவிட்டு எங்கள் பக்கம் வந்திருந்தது. ஒரே கேள்விக்கு வோலோஃப்காரன் என்ன சொல்கிறான், செரேர் என்ன சொல்கிறான், ஜோலா என்ன சொல்கிறான் என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மூன்று மொழியும் தெரிந்து, கொட்டகைக்குள் தடையில்லாமல் போய்வருகிற ஆள் யார் என்று தேடியபோது எல்லாரும் ஒரே ஆளைத்தான் கைகாட்டினார்கள். வடைக்கார யாந்தே.

யாந்தே செரேர் இனத்துக்காரி. அப்பாவுக்குச் சிகன்ஷோர் படகுத்துறையில் வேலை, அதனால் ஜோலாப் பிள்ளைகளோடு புழுதியில் புரண்டு வளர்ந்தவள். கல்யாணமாகி பிகினுக்கு வந்தபின் வோலோஃப் தானாக ஒட்டிக்கொண்டது. கட்டியவன் மீன் லாரி ஓட்டினான். இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு ம்பூருக்குப் போனவன் போனவன்தான். அவள் தலையில் கைவைத்துக்கொண்டு உட்காரவில்லை. தப்சீர் வாத்தியாரின் கொட்டகை வாசலில் அடுப்பு மூட்டித் தட்டப்பயறு வடை சுட ஆரம்பித்தாள். பயில்வான்களெல்லாம் அவள் சட்டிக்கு அடிமை. அவள் வாய்க்கு மட்டும் எல்லாருக்கும் கொஞ்சம் பயம்.

கொட்டகையின் பெரிய பயில்வான் அன்சுமானா, காசமான்ஸ் பக்கத்து ஜோலா. உருவத்தைப் பார்த்து ஊரே அவனுக்கு இலவமரம் என்று பேர் வைத்திருந்தது. செரேருக்கும் ஜோலாவுக்கும் கேலிமுறை உண்டு. மாமன் மச்சான் கேலியெல்லாம் இதனிடம் பிச்சை வாங்க வேண்டும். வயசு கிடையாது, மரியாதை கிடையாது, இரண்டு பேருமே தான்தான் எஜமான், மற்றவர் அடிமை என்பார்கள், என்ன திட்டினாலும் கோபம் வரக் கூடாது. யாந்தேயின் அப்பா செத்தபோது, எல்லாரும் மாரடித்து அழுகிற நேரத்தில் ஒரு ஜோலாக் கிழவர் வந்து பிணம் போகிற வழியில் மல்லாந்து படுத்துக்கொண்டார். "என் அடிமையை என்னைக் கேக்காம எங்கடா தூக்கிட்டுப் போறீங்க?" கேலிமுறைக்காரர் குறுக்கே படுத்தால் தாண்டக் கூடாது. வெற்றிலை பாக்குபோல மரியாதைக்குக் கொடுக்கிற கோலாக் கொட்டை ஒன்றைக் கையில் வைத்ததும் கிழவர் இளித்துக்கொண்டே எழுந்தார். அழுத முகத்தோடு யாந்தேயும் சிரித்துவிட்டாள்.

அன்சுமானா தினமும் வடைக்கு வருவான். வந்ததும் பீச்சாங்கையை நீட்டுவான். வேறு யாரிடமாவது நீட்டினால் கன்னம் பழுத்துவிடும். யாந்தேயை வெறுப்பேற்றவே அப்படிச் செய்வான்.

"அடியே கம்பங்கூழு! எஜமானுக்குப் பலகாரம் எங்கே?"

"வந்துட்டாருய்யா சோத்துப்பானை! ஊர்ல இருக்கிற நெல்லையெல்லாம் தின்னு தீர்த்தாச்சு, இப்ப என் பயறுக்கு வந்திருக்காரு."

இப்படிப்பட்ட இடத்தில் கேள்வி கேட்பது யாந்தேக்கு என்ன கஷ்டம்? சாயங்காலம் பயிற்சி முடிந்து எல்லாரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். மற்றவர்களிடம் கேட்டு முடித்துவிட்டு அன்சுமானாவிடம் வந்தாள்.

"பயம் வந்தா யாருகிட்டயாவது சொல்லுவீங்களா? 'வீங்க' போட்டது கேள்வியை எழுதினவங்க. உனக்கு மரியாதை ஒரு கேடு."

அன்சுமானா கையைத் தூக்கிச் சபையை அமைதியாக்கினான். "சொல்றேன், எல்லாரும் கேட்டுக்கங்க. தபாஸ்கிப் பெருநாள் முடிஞ்சதுலேருந்து எனக்கு இடக்கை செத்துப்போச்சு. கழுத்துக்குள்ள எவனோ ஊசி குத்துறான். இந்தக் குஸ்தியில கழுத்துல ஒரு அடி விழுந்துச்சுன்னா, நான் அம்புட்டுத்தான். பயமா இருக்குடி அடிமை. வா, வந்து எனக்கு இடக்கையா இரு!"

வேப்பமரத்தடியே உருண்டு புரண்டு சிரித்தது. தப்சீர் வாத்தியார் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். யாந்தேக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

"ஜோலாக் கை என்னிக்குடா உசுரோட இருந்துச்சு? பனைமரத்துல கள்ளுப்பானையைப் பாத்தாத்தானே அதுக்கு உசுரு வரும்!"

நெருக்கடியைச் சிரித்தே தாங்குகிறவன் என்று அவனுக்குக் குறித்துக்கொண்டாள். மதாம் ரோகாயாவுக்கு ஒரே சந்தோஷம். "மூணு மொழியிலயும் இந்தப் பையன் மாதிரி மன உறுதி யாருக்கும் இல்லை, யாந்தே" என்றார். யாந்தேக்கும் பெருமைதான். சோத்துப்பானையாக இருந்தால் என்ன, அவள் வடை தின்ற உடம்பு.

குஸ்திக்கு ஒரு வாரம் இருக்கையில் அது நடந்தது. கரி அடுப்பில் தேயிலை கொதித்துக் கருத்துக்கொண்டிருந்தது. சின்னக் கண்ணாடிக் கிளாஸில் நுரை பொங்க ஊற்றினாள். அந்தக் கிளாஸை விளிம்பில்தான் பிடிக்க முடியும். அன்சுமானா வழக்கம்போலப் பீச்சாங்கையை நீட்டி வாங்கி, முழுக் கிளாஸையும் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு பேசத் தொடங்கினான். 'படட்டும், இப்போ அலறப்போறான்' என்று யாந்தே வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தாள். அவன் அலறவில்லை. ஊரில் நெல் அறுப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தான். கை சிவந்தது. தோல் உப்பி வந்தது. அவன் அதைப் பார்க்கக்கூட இல்லை.

யாந்தேக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாய்ந்து கிளாஸைத் தட்டிவிட்டாள்.

"உன் கை! உன் கையைப் பாருடா!"

குனிந்து பார்த்தான். யாரோ ஒருத்தன் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். சட்டென்று அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டான்.

"அன்னிக்குச் சொன்னேனே" என்றான் மெதுவாக.

"விளையாட்டுக்குன்னு நெனச்சேன்டா, பாவி!"

"வேற யாருகிட்ட, வேற எப்படிச் சொல்றது? இலவமரம் உக்காந்து அழ முடியுமா? உன்கிட்டதான் சொல்ல முடிஞ்சுது. நீ சிரிச்சே."

எல்லார் காதிலும் விழச் சொன்னானே, ஒருத்தர்கூடக் கேட்கவில்லையே! கேட்பதற்கென்றே போனவள், அவளும் அல்லவா கேட்கவில்லை!

"குஸ்தியை விட்டுத் தொலைடா. டாக்டர்கிட்டப் போவோம்."

"விட்டா பயந்தாங்கொள்ளின்னு பேரு. எங்கம்மா ஊருக்குள்ள தலைகாட்ட முடியாது. இந்த ஒரு குஸ்திக்காக வாத்தியார் எத்தனை வருஷமாக் காத்திருக்காரு தெரியுமா? நீ வாயைத் திறந்தா நான் சாதிச்சுருவேன், எனக்கு ஒண்ணுமில்லேன்னு. அப்புறம் எதிராளி காதுக்குப் போகும். போச்சுன்னா அவன் அடிக்கிற ஒரே இடம் என் கழுத்துதான். பாத்துக்க."

சொன்னால் எதிராளி அடித்துக் கொல்வான். சொல்லாவிட்டாலும் இவன் செத்துப்போவான். இது என்னடா கொடுமை! அன்றைக்கு அவள் சுட்ட வடையெல்லாம் கருகிப்போனது. மறுநாள் மதாமிடம் ஓடினாள். மதாம் வெலவெலத்துப்போய்க் கொட்டகைக்கு வந்து, நோய் என்று வாயால் சொல்லாமல், "எல்லாப் பயில்வானையும் ஒரு தடவை என் செலவுல டாக்டர்கிட்டக் காட்டலாமே" என்று கேட்டுப் பார்த்தார். தப்சீர் வாத்தியார் கும்பிட்டு வழியனுப்பினார். "எதிர்க் கொட்டகைக்காரன் உங்களுக்கு என்ன குடுத்தான் மதாம்? நல்லாக் குடுத்திருப்பான் போல." கதவு சாத்தப்பட்டது. மதாம் தெருவிலேயே நின்று அழுதார்.

குஸ்தி நாள். தெரு முழுக்கத் தப்பட்டை. மாடியில் தலை, மரத்தில் தலை, பேருந்துக் கூரையில் தலை. உடம்பெல்லாம் தாயத்தும் மந்திரித்த தண்ணீருமாக அன்சுமானா கொட்டகை வாசலில் வந்து நின்றான். கோதாவுக்குக் கூட்டிப்போகிற பேருந்து பத்தடி தூரத்தில் உறுமிக்கொண்டிருந்தது.

யாந்தே நடந்து வந்து அவன் காலடியில் மண்ணில் மல்லாந்து படுத்தாள்.

"என் அடிமையை என்னைக் கேக்காம எங்கய்யா கூட்டிட்டுப் போறீங்க?"

தெருவே ஆரவாரம் செய்தது. அட, வடைக்காரி கேலிமுறை காட்டுகிறாள்! தப்பட்டைக்காரன் அவளுக்கென்று தனி அடி அடித்தான். வாத்தியார் சிரித்துக்கொண்டே ஒரு கோலாக் கொட்டையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். "எந்திரி தாயி, நேரமாச்சு."

யாந்தே கொட்டையைத் தூர வீசினாள்.

சிரிப்பு அடங்கியது. வாத்தியார் காசை எடுத்தார். அதையும் வீசினாள். "விக்கிறதா இல்லை. என் அடிமை எனக்கு வேணும்." தப்பட்டை நின்றுவிட்டது. பிணத்துக்குக் குறுக்கே படுத்தவர்கள்கூடக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். வாங்க மாட்டேன் என்று சொன்னவரை எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை, கேள்விப்பட்டதும் இல்லை. ஜனம் பேயறைந்ததுபோல நின்றது.

"ஏ பொம்பள, உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?" வாத்தியாருக்கு முகம் கறுத்தது. "டேய் அன்சுமானா, தாண்டிப் போடா! கோதாவுக்குப் போகாட்டித் தோத்ததாத்தான் எழுதுவாங்க!"

அன்சுமானா ஒரு காலைத் தூக்கினான். அந்தப் பாதம் யாந்தேயின் நெஞ்சுக்கு மேலே வந்து நின்றது. அவள் கண்ணை மூடவில்லை. கழுத்து என்று சொல்லவில்லை, கை என்று சொல்லவில்லை. "தாண்டிப் பாருடா, சோத்துப்பானை" என்றாள்.

பாதம் பின்னால் போய் மண்ணில் ஊன்றியது.

"கேலிமுறையைத் தாண்ட மாட்டேன் வாத்தியாரே" என்றான். தாயத்துகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். அப்புறம் குனிந்து, அவளிடம் அதுவரை பேசாத குரலில் சொன்னான்: "அம்மா, எந்திரிங்க."

கேலிமுறையையே அறுத்துவிட்ட அந்த 'அம்மா' அவளைச் சுட்டதுபோல வேறெதுவும் சுட்டதில்லை. அடுத்த நிமிஷம் தெரு வெடித்தது. அவள் அடுப்பை உதைத்து உருட்டினார்கள், எண்ணெயை மண்ணில் கொட்டினார்கள், காசு வாங்கிக்கொண்டு கெடுத்தவள் என்று காறித் துப்பினார்கள். மதாமின் கார் வந்து அன்சுமானாவைப் பின்வாசல் வழியாக ஏற்றிக்கொண்டு போனது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கழுத்தை எடுத்த படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம், "இந்தக் கழுத்தை வச்சுக்கிட்டா குஸ்திக்குக் கிளம்பினான்? இன்னொரு அடி விழுந்திருந்தா கழுத்துக்குக் கீழே எல்லாம் கட்டைதான்" என்றாராம். அதைக் கேட்ட தப்சீர் வாத்தியார் ஆஸ்பத்திரித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்று தொடை தட்டிச் சிரித்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுவாரம் யாந்தேக்குப் புது அடுப்பு வாங்கி வந்து அவரே மூட்டியும் கொடுத்தார்.

கழுத்தில் ஆபரேஷன் ஆகிப் பட்டையோடு அன்சுமானா திரும்பி வந்தான். இனி குஸ்தி கிடையாது. வடைக்கு வருவான். வலக்கையை நீட்டுவான். "வணக்கம் அம்மா, சவுக்கியமா இருக்கீங்களா?" என்பான். யாந்தே வேண்டுமென்றே சோத்துப்பானை என்று சீண்டிப் பார்த்தாள், பனங்கள்ளு என்று சீண்டிப் பார்த்தாள். "சரிங்க அம்மா" என்று நகர்ந்துவிடுவான். ஊரே திட்டியபோது கலங்காதவள் இந்த மரியாதையில் உருகி இளைத்துப்போனாள்.

மழைக்காலம் முடிந்ததும் மதாம் சொல்லி அனுப்பினார்: அதே கேள்விகளை அதே ஆட்களிடம் இரண்டாம் முறை கேட்க வேண்டும். யாந்தே கும்பிட்டாள், வேண்டாம் என்றாள். மதாம் விடவில்லை. கடைசியில் ஒரு சாயங்காலம் தேயிலையைக் கொதிக்கவைத்து அன்சுமானாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். இந்தத் தடவை வேறு யாரும் இல்லை.

"பயம் வந்தா யாருகிட்டயாவது சொல்லுவீங்களா?"

"ஒருத்திகிட்டச் சொன்னேன்."

யாந்தேக்குக் குறிக்கக் கை வரவில்லை. "அவ என்ன செஞ்சா?"

"மொதல்ல சிரிச்சா. அப்புறம் மண்ணுல படுத்தா." அவன் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். "தேயிலை வத்துது பாருங்க."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கிளாஸில் ஊற்றி நீட்டினாள். நீட்டியவள் அப்படியே உறைந்துபோனாள். அவன் நீட்டியது பீச்சாங்கை. முழுக் கிளாஸையும் உள்ளங்கைக்குள் பொத்தினான்.

"அய்யய்யோ! சுடுதுடி கம்பங்கூழு! எஜமானைக் கொல்லப் பாக்குறியா?"

கிளாஸ் மண்ணில் உருண்டது. பழைய யாந்தேயாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இப்போது சிரிக்கவில்லை. அவன் கையை வெடுக்கென்று பிடித்துத் திருப்பி, அடுப்பு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். விரல்நுனி ஒவ்வொன்றையும் நகத்தால் கிள்ளினாள். ஒவ்வொரு கிள்ளுக்கும் அவன், "அய்யோ, அம்மாடி, விடுடி அடிமை!" என்று கத்தினான்.

ஐந்து விரலையும் கிள்ளி முடித்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.