செர்யோங் எழுதாத தேர்வு

அந்த வாரம் முழுவதும் அம்மா கடற்பாசி சூப் வைக்கவில்லை. வழுக்கும் உணவு அது. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுதும் பிள்ளை சாப்பிட்டால் தேர்விலும் வழுக்கிவிடும் என்று தென்கொரியாவின் சாங்வோன் நகரில் எல்லா வீட்டிலும் ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் மகள் செர்யோங் எந்தத் தேர்வும் எழுதப் போவதில்லை. தொழிற்பள்ளி முடித்தவள், உதிரிபாக ஆலையில் கடைசல் இயந்திரம் ஓட்டுகிறாள்.

அடுக்குமாடியில் இது தெரிந்தவர்கள் அம்மாவும் மகளும்தான். பள்ளி வெளியூரில், விடுதியோடு இருந்தது வசதியாகப் போயிற்று. போன வருஷம் மதிப்பெண் போதவில்லை, மறுபடி எழுதப் படிக்கிறாள் என்று அம்மா தன் தொடுகறிக் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லி வைத்திருந்தாள். ஆலை உடுப்பு குளியலறைக்குள்தான் காயும்.

கடைசி வருஷத்தில் பள்ளி அவளை மூன்று மாதப் பயிற்சிக்கு ஜெர்மனிக்கு அனுப்பியது. அங்கே உடன் பயிற்சி பெற்ற ஃப்ரீடரிக்கெ என்ற பெண்ணின் அம்மா டாக்டர். மகளின் எண்ணெய்க் கறைக் காற்சட்டையைத் தன் வெள்ளை அங்கிக்குப் பக்கத்தில், தெரு பார்த்த கொடியில் அவர் காயப்போடுவார்.

"யுனிவர்சிட்டிக்கு மார்க் பத்தலையா?" என்று செர்யோங் மெல்லக் கேட்டாள்.

"மார்க் இருந்துச்சே. எனக்கு இதுதான் பிடிச்சுது. நீ ஏன் எழவு விசாரிக்கிற மாதிரி கேக்குற?"

ஊர் திரும்பியும் அந்தக் கேள்வி போகவில்லை. கூடவே வேறொன்றும் உறுத்தியது. டாக்டர் மகள் கறையோடு நின்றால் அது அவள் விருப்பம். தொடுகறிக் கடைக்காரி மகள் நின்றால் அதை விருப்பம் என்று யார் நம்புவார்கள்? அவளே நம்புகிறாளா?

தேர்வுக்கு முந்தின நாள் சொல்லிவிட்டாள். "நாளைக்கு ஆலை உடுப்போடதான் இறங்குவேன். யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்லுவேன்."

"சொல்லு. யாரு வேணாங்குறா," என்றாள் அம்மா, முள்ளங்கி நறுக்கிக்கொண்டே.

காலையில் ஆலை ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் தொடங்கும். தேர்வெழுதுகிறவர்களுக்காக ஊரே சாலையை விட்டுக்கொடுக்கும் நாள். ஆனாலும் அம்மா விடியுமுன் எழுப்பி, தேர்வுக்கூடத்துக்குக் கொடுப்பதுபோல் சாப்பாட்டுத் தூக்கைக் கையில் திணித்தாள். லிஃப்டுக்குள், செர்யோங்கின் பஞ்சுக் கோட்டு ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

"குளிருது."

எட்டாம் மாடியில் தோஹியோனும் அவன் அம்மாவும் ஏறினார்கள். மூன்றாவது முறையாக எழுதப் போகிறவன், முகம் வெளுத்திருந்தது.

"செர்யோங் அம்மா, தூங்குனீங்களா? நான் கண்ணே மூடல," என்றாள் அவன் அம்மா.

செர்யோங் ஜிப்பைக் கொஞ்சம் இறக்கினாள். வாயைத் திறந்தாள். அதற்குள் அந்தம்மா இரண்டு கைகளாலும் அவள் உள்ளங்கையில் யோட் மிட்டாயை வைத்து மூடினாள். பல்லில் ஒட்டுவதுபோல் பல்கலைக்கழகத்தில் ஒட்டிக்கொள்ளட்டும் என்று கொடுக்கிற மிட்டாய். அந்தம்மாவுக்குக் கண் கலங்கியிருந்தது.

"இந்த வருஷமாவது ரெண்டு பேரும் கரையேறிடுங்கடா."

"நல்லா எழுதுறேன் அத்தை," என்றாள் செர்யோங்.

தோஹியோன் அவள் காலைப் பார்த்தான். இரும்பு முனை வைத்த ஆலைக் காலணி.

"நல்ல ஷூ. எதை உதைச்சாலும் வலிக்காதுல்ல," என்றான் மெதுவாக.

ஆலையில் கோட்டைக் கழற்றும்போதே மிட்டாயைக் கடித்தாள். மதியம் வரை பல்லை விடவில்லை.

மாலையில் வீட்டில் வேறு யாருமில்லை. கதவும் சாத்தியிருந்தது. அம்மா காலித் தூக்கை வாங்கிக் கழுவினாள்.

"கணக்கு எப்படி இருந்துச்சு?"

விளையாடுகிறாளா என்று செர்யோங் அவள் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டு இல்லை.

"உள்ளதைச் சொல்லு," என்றாள் அம்மா.

"கொஞ்சம் கஷ்டம்தான்."

"பரவாயில்ல, அடுத்த வருஷம் இருக்கு," என்றபடி அம்மா ஆலைக் காற்சட்டையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனாள்.