இருபது லிட்டர் எங்கே போனது?

லாரி ஆபீஸில் முதலாளி "சாவியை வாங்கிடுங்க" என்று சொன்னால், அந்த டிரைவருக்கு வேலை போய்விட்டது என்று அர்த்தம். ஊரப்பாக்கம் ஷெட்டில் நான் இருந்த பத்தொன்பது வருஷத்தில் அந்த வார்த்தையை நாலைந்து முறை கேட்டிருக்கிறேன். ஒரு முறை மட்டும் அது என்னால் வந்தது. டீசல் எங்கே போடுவது என்று நான் எடுத்த ஒரு முடிவால் வந்தது. இப்போது ஓய்வு பெற்று மாடம்பாக்கத்தில் வீட்டோடு இருக்கிறேன். இனி சொன்னால் யாரும் என் இன்கிரிமென்டில் கை வைக்க முடியாது என்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

1. பங்க் பார்க்கப் போன கதை

எங்கள் முதலாளி ரஹீம் பாய்க்கு ஒன்பது லாரி. ஒரகடத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் லோடு ஏற்றி, படப்பை, வண்டலூர் வழியாகத் தாம்பரம் பக்கத்து குடோன்களில் இறக்குவார்கள். வேலை முடிந்ததும் வண்டிகள் ஊரப்பாக்கம் ஷெட்டுக்கு வந்துவிடும். ஆபீஸில் பில், பர்மிட், இன்ஷூரன்ஸ், டிரைவர்களின் சண்டை எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். எஸ்தர் அக்கா என்றால் ஷெட்டில் நாய்க்குக்கூடத் தெரியும்.

அதுவரை எல்லா வண்டிக்கும் படப்பையில் ஒரு பழைய பங்கில்தான் டீசல். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஷெட்டுக்கு வரும் வழியிலேயே புதிதாக ஒரு பங்க் திறந்தார்கள். பாய் என்னைக் கூப்பிட்டார்.

"எஸ்தர், போய்ப் பாத்துட்டு வாங்க. நீங்க ஓகே சொன்னா எல்லா வண்டியையும் அங்க மாத்திடலாம்."

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். இடது கை பக்கம், யூ டர்ன் தொல்லை இல்லை. அன்றைய டீசலின் டென்சிட்டியை, அதாவது அடர்த்தியை, போர்டில் எழுதிப் போட்டிருந்தார்கள். ஸ்கூட்டிக்கு பெட்ரோல் போட்டு, கலப்படம் பார்க்க ஃபில்டர் பேப்பர் கேட்டேன், முகம் சுளிக்காமல் கொடுத்தார்கள். ஐந்து லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டச் சொன்னேன், அதுவும் சரியாக இருந்தது. பெண்களுக்கான டாய்லெட்டில் தாழ்ப்பாள் வேலை செய்தது. பதினைந்து வருஷமாக பங்க் டாய்லெட்டுகளைப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தத் தாழ்ப்பாளில்தான் நான் விழுந்தேன். ஆபீஸுக்கு வந்து ஓகே சொல்லிவிட்டேன்.

குமார் மட்டும் இழுத்தான். பதினொரு வருஷமாக எங்களிடம் ஓட்டுகிறவன். வாய்தான் கொஞ்சம் நீளம்.

"இன்னாக்கா, படப்பை பங்க்ல இன்னா கொற? எட்டு வண்டி நின்னாலும் எடம் கீது. டீக்கடை கீது."

"டீக்கடைக்காக டீசல் போட முடியாது குமாரு" என்றேன். மற்ற டிரைவர்கள் சிரித்தார்கள். எனக்கும் என் பதிலில் கொஞ்சம் பெருமைதான்.

2. பாராட்டு

சனிக்கிழமைதோறும் எல்லா வண்டிக்கும் டேங்க் ஃபுல் செய்வோம். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் ஃபுல். அப்போது எத்தனை லிட்டர் பிடிக்கிறதோ, அத்தனையும் அந்த வாரம் எரிந்த டீசல் என்று கணக்கு. ஓடிய கிலோமீட்டரை அதால் வகுத்தால் மைலேஜ் வந்துவிடும். அந்தக் காலத்தில் எங்கள் வண்டிகளில் சென்சார் எதுவும் கிடையாது. இந்தக் கணக்கை நம்பித்தான் எல்லாமே.

புது பங்கில் முதல் சனிக்கிழமை ஃபுல் செய்தபோது ஒன்பது வண்டியும் வழக்கத்தைவிட இருபது லிட்டர் வாக்கில் குறைவாகப் பிடித்தன. மைலேஜ் ஒரே தாவலாக ஏறியது. "நல்ல டீசல்னா இதுதான்" என்று பாய் ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி என்னைப் பாராட்டினார். நானும் அடக்கமாக இருப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.

இரண்டாவது சனிக்கிழமை எட்டு வண்டிகளின் மைலேஜ் பழைய அளவுக்கே திரும்பியது. டிராஃபிக் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். குமாரின் வண்டி மட்டும் இருபது லிட்டர் அதிகமாகக் குடித்திருந்தது. பில்லைப் பார்த்தால் படப்பை பங்க்.

கூப்பிட்டுக் கேட்டேன். "தாம்பரத்துல லாரிக்கு நோ என்ட்ரி டைம்க்கா. ரெண்டு மணி நேரம் படப்பைலயே சும்மா நின்னுகினு இருந்தேன். அங்கயே ஃபுல் பண்ணிட்டேன். அதுல இன்னா தப்பு?"

பாய் கேட்டபோது அவருக்கு வேறு மாதிரி பட்டது. வேண்டாம் என்று சொன்ன பங்குக்கே போகிறான், டீசலும் கூடுதலாகக் காட்டுகிறது. வெளியே விற்றிருக்கிறான், அந்த பங்க் ஆளும் கூட்டு என்று முடிவு கட்டிவிட்டார்.

"பதினோரு வருஷம் நம்ம உப்பைத் தின்னவன். திங்கக்கிழமை சாவியை வாங்கிடுங்க" என்றார். கோபத்தைவிட வருத்தம்தான் குரலில் அதிகம் இருந்தது.

குமார் திருடுவான் என்று எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் நானே போட்ட கணக்கு எதிரில் இருந்தது. "இன்னும் ஒரு வாரம் கொடுங்க பாய். அடுத்த சனிக்கிழமை நானே அவன் வண்டியில ஏறிப் போறேன்" என்றேன். பாய் அரை மனதோடு சரி என்றார்.

3. உருண்ட பாட்டில்

லாரி கேபினில் ஏறுவதற்கு என் வயதில் இரண்டு முறை கடவுளைக் கூப்பிட வேண்டியிருந்தது. வேலை போகப்போகிறது என்று குமாருக்கும் தெரிந்திருந்தது. வாயை மூடாதவன் வண்டலூர் வரை வாயைத் திறக்காமல் ஓட்டியது எனக்கு என்னவோ போலிருந்தது.

புது பங்கில் டீசல் பம்ப் வாசலிலேயே இருந்தது. வண்டி நின்றதும் என் காலடியில் இருந்த தண்ணீர் பாட்டில் உருண்டு சீட்டுக்கு அடியில் போய்விட்டது. குனிந்து தேடினேன். கைக்கு எட்டவில்லை.

மழை பெய்தால் அங்கே ரோட்டில் முழங்கால் தண்ணீர் நிற்கும். அதனால் பங்கை மேடாக்கிக் கட்டியிருந்தார்கள். கார் நின்றால் சமதளத்தில் நிற்கும். என் ஸ்கூட்டியும் அப்படித்தான் நின்றது. லாரி நீளம் என்பதால் முன்பக்கம் மேலேயும் பின்பக்கம் சரிவிலேயும் நிற்கிறது.

பம்ப் கட் ஆனது. "ஃபுல்லு" என்றான் பங்க் ஆள். டயருக்குக் காற்றுப் பிடிக்க குமார் வண்டியை உள்ளே சமதளத்துக்குக் கொண்டுபோனான். மூடி சரியாகப் பூட்டவில்லை என்று இறங்கித் திறந்தவன், அப்படியே நின்றுவிட்டான்.

"அக்கா, கொஞ்சம் எறங்கி வாங்க."

போய்ப் பார்த்தேன். ஃபுல் செய்த டேங்கில் டீசல் நாலு விரல் கீழே கிடந்தது. டேங்கின் வாய் பின்பக்கம் இருக்கிறது. சரிவில் நிற்கும்போது டீசல் பின்பக்கமே வாய்வரை ஏறிவிடுகிறது, முன்பக்கம் காற்று அடைபட்டுக் காலியாகவே இருக்கிறது. பங்க் ஆளைக் கெஞ்சி, கார் பம்பில் சமதளத்தில் நிறுத்தி மறுபடி பிடித்தோம். இருபத்தொரு லிட்டர் உள்ளே போனது.

"மேடுன்னு எங்க எல்லாருக்கும் தெரியும்க்கா. அது டேங்க்ல வெளையாடும்னு ஒருத்தனுக்கும் தோணல" என்றான் குமார்.

எனக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. முதல் வாரம் எல்லா டேங்கும் இருபது லிட்டர் குறையாக நிரம்பியது. அதை மிச்சம் என்று நினைத்துப் பாராட்டு வாங்கினேன். அடுத்த வாரம் படப்பையில் குமாரின் டேங்க் நிஜமாகவே நிரம்பியது. அதைத் திருட்டு என்று நினைத்தோம். என்னைப் பாராட்ட வைத்ததும் அவனைத் திருடனாக்கியதும் அதே இருபது லிட்டர்.

4. போன்

பாய்க்கு அங்கிருந்தே போன் போட்டேன். எண்ணை அழுத்துவதற்குமுன் ஒரு நிமிஷம் தயங்கினேன் என்பதை மறைக்கவில்லை. "பம்ப்ல ஏதோ கோளாறு, குமார் மேல தப்பில்ல" என்று மட்டும் சொல்லியிருந்தால் அவன் வேலையும் தப்பும், என் பேரும் தப்பும். ஆனால் எதிரே கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறவனை வைத்துக்கொண்டு அரை உண்மை பேச வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப அன்னிக்கு நான் உங்களை அவ்வளவு பாராட்டினேனே?" என்றார் பாய்.

"அதையும் வாபஸ் வாங்கிக்கங்க பாய்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு குமாரிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். "குமாரு, தப்பா நெனச்சுட்டேன்பா. மனசுல வச்சுக்காத."

"வுடுங்க பாய்" என்றான் குமார். போனைத் திருப்பித் தந்துவிட்டு வண்டிக்கு அந்தப் பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான். அதற்குப் பிறகு ஷெட் வரைக்கும் வாய் மூடவே இல்லை. புது பங்கை, என் ஸ்கூட்டியை, என் தாழ்ப்பாளை என்று ஒன்றையும் விடாமல் கிண்டல் செய்துகொண்டே வந்தான். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை டிரைவர்களை உட்கார வைத்துப் பேசினேன். சமதளம், வண்டி திரும்ப இடம், நோ என்ட்ரி நேரத்தில் நிற்க வசதி என்று அவர்கள் சொன்ன எதுவும் என் லிஸ்டில் இருந்ததில்லை. படப்பைக்கே திரும்பினோம். ஒரே பங்க், ஒரே பம்ப், ஒரே இடத்தில் வண்டி நிற்க வேண்டும் என்று சட்டம் போட்டேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. ஒரு மேடு காட்டிய கணக்கை நம்பி, பதினொரு வருஷம் உழைத்த ஒருவனை வீட்டுக்கு அனுப்பப் பார்த்தோம். முன்பெல்லாம் மைலேஜ் குறைந்தால் யார் ஓட்டியது என்றுதான் முதலில் கேட்பேன். அதற்குப் பிறகு, டீசல் போடும்போது வண்டி எங்கே, எப்படி நின்றது என்று கேட்க ஆரம்பித்தேன். யார் ஓட்டியது என்று கேட்கும் அவசியம் நான் ஓய்வு பெறும் வரையில் இரண்டே முறைதான் வந்தது.