பைகளுக்குக் காவலாக ஒருத்தி

காளான் குடை மாதிரி சிமெண்டில் கட்டி, சிவப்பும் வெள்ளையுமாகப் பெயிண்ட் அடித்த ஒரு நிழற்கூரை. அதன் கீழே ஒரு பெஞ்சு. பெஞ்சின் மேல் மலைபோல் எங்கள் வீட்டுப் பைகள், துண்டுகள், சோற்றுத் தூக்கு, அப்பாவின் கைக்கடிகாரம், அம்மாவின் வளையல்கள், எல்லோருடைய செருப்புகள். அவற்றுக்கு நடுவே அத்தை. தீம் பார்க் என்று யாராவது சொன்னால் மற்றவர்களுக்கு ராட்டினமோ தண்ணீர்ச் சறுக்கோ நினைவுக்கு வரும். எனக்கு இந்தக் காட்சிதான் வரும், கூடவே வயிறும் எரியும்.

அத்தை அப்பாவின் தங்கை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செல்போன் சார்ஜர் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். படப்பையில் எங்கள் வீட்டு முனைக்கே கம்பெனி பஸ் வரும். ஷிப்ட் முழுக்க லைனில் நின்றபடிதான் வேலை. பெல்ட்டில் சார்ஜரின் சர்க்யூட் பலகை வரவர இவள் தன் பாகத்தைப் பொருத்தி அடுத்தவளுக்குத் தள்ள வேண்டும். ஒரு நிமிடம் சாய்ந்தால் அடுத்தவள் முன்னால் சரக்கு குவிந்து சூப்பர்வைசர் வந்துவிடுவார். வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் செய்வது சுவரோரம் படுத்துக் கால்களைச் சுவரின் மேல் தூக்கி வைப்பது. அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் வீடு ஓடியது. அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டினார், மனம் வந்தால்.

மே மாதம் ஒரு தடவை, காணும் பொங்கலுக்கு ஒரு தடவை என்று தீம் பார்க்குக்குப் போவோம். டிக்கெட் அத்தை செலவு. தெரிந்தவர் வேனில் ஏறி, ஒரகடம் வழியாகப் போய், முதலில் வல்லக்கோட்டை முருகனைப் பார்த்துவிட்டுப் பெங்களூர் சாலையைப் பிடிப்போம். கோவிலிலும் செருப்புகளுக்குக் காவல் அத்தைதான். நாங்கள் எல்லோரும் கும்பிட்டு விபூதி பூசிக்கொண்டு வந்த பிறகு அவள் தனியாக உள்ளே ஓடிவிட்டு வருவாள். அதற்குள் வேனில் இருந்து அப்பா ஹாரன் அடிக்கச் சொல்வார். கம்பெனி காம்பவுண்டைத் தாண்டும்போது மட்டும் அத்தை எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். லீவு நாளில் அதன் முகத்தில் விழிக்கக் கூடாதாம்.

பார்க் வாசலில் வெளிச் சாப்பாட்டுக்குத் தடை. அதனால் புளிச்சோறு அத்தையின் பையில்தான், துண்டுகளுக்கு அடியில் போகும். மாட்டினால் திட்டு வாங்குபவளும் அவளே. ஒரு வருடம் மாட்டினாள். செக்யூரிட்டி எல்லோர் முன்னாலும் அவளைப் பிடித்துக் கேட்டபோது, அப்பா யாரோ எவரோ என்பதுபோல் முன்னால் நடந்துகொண்டிருந்தார்.

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. உயரத்துக்கு ஏறி, அங்கே ஒரு கணம் நின்று, அப்படியே தண்ணீரில் வந்து விழும் படகு. காளான் குடைக்கு நேர் எதிரே அது இருந்தது. நாளெல்லாம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். படகு மேலே ஏறும்போது அவள் கழுத்தும் சேர்ந்து ஏறும். ஒரு காணும் பொங்கலன்று, நான் துண்டு வாங்க அவளிடம் போய் நின்ற நேரத்தில், அப்பாவிடம் கேட்டே விட்டாள். "அண்ணா, அந்தப் படகுல நானும் ஒருவாட்டி ஏறிட்டு வரட்டா?"

அப்பா ஈரத் தலையை உதறிக்கொண்டே சொன்னார். "பையெல்லாம் யாரு பாத்துக்கறது? இன்னாத்துக்கு ஒனக்கு அதெல்லாம்? நாள் பூரா லைன்ல நின்னுகினே கீற. இங்கயாவது குந்திகினு ரெஸ்ட் எடேன்."

அம்மா உடனே உருகிவிட்டாள். "ஒங்க அண்ணனுக்கு ஒன் மேல எவ்ளோ பாசம் பாரு!"

பாசமாம்! நின்றே வேலை செய்கிறவளுக்கு உட்காருவது விடுமுறை என்று யார் கண்டுபிடித்தார்கள்? வெயில் நகர நகரப் பைகளையும் நகர்த்திக்கொண்டு, பாத்ரூமுக்குக்கூடப் போக முடியாமல், எங்கள் உள்ளாடைகளுக்குக் காவல் இருப்பது எந்த ஊர் ரெஸ்ட்? அதட்டி உட்கார வைத்திருந்தால் ஒருவேளை அவளும் சண்டை போட்டிருப்பாள். அக்கறை என்று சொல்லி உட்கார வைத்தார்கள், அவளால் எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. வருடா வருடம் அந்தப் பேச்சு மட்டும் வளர்ந்தது. உறவுக்காரர்கள் கேட்டால், "பாவம், கால்வலி. அவளே குந்திக்கறேன்னு சொல்லிட்டா" என்பார் அப்பா. அப்போது அவளுக்குக் கால்வலியும் இல்லை, அவள் அப்படிச் சொல்லவும் இல்லை.

இதில் என்னை மிகவும் கொதிக்க வைத்தது பிறகுதான் தெரிந்தது. இருங்காட்டுக்கோட்டையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஆபீஸ் பெண்களோடு அதே பார்க்குக்குப் போனேன். டிக்கெட் கவுண்டரை ஒட்டியே வரிசையாக லாக்கர்கள். புதிதாக வைத்ததா என்று கேட்டேன். பார்க் திறந்த நாளிலிருந்து இருக்கிறது என்றார்கள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டால், "தெரியுமே! அத்த கூட வரப்போ லாக்கர் எதுக்கு?" என்றார். கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னார்.

இந்தக் காணும் பொங்கலுக்கு மறுபடியும் எல்லோரும் போனோம். அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள் என்று கூட்டம் பெருகியிருந்தது. அத்தை இப்போது வேலையில் இல்லை. இரண்டு முட்டியும் தேய்ந்து, சாய்ந்து சாய்ந்து நடக்கிறாள். உள்ளே நுழைந்து அவள் காளான் குடை பெஞ்சில் உட்கார்ந்ததும் அண்ணன் கார் சாவியையும் போன்களையும் அவள் மடியில் போட்டான். "அத்த, பாத்துக்க." அண்ணி பையைப் போட்டாள். பிள்ளைகள் செருப்பைப் போட்டார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவர்களுக்கும் அது வந்திருந்தது.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்ததோ தெரியாது. "லாக்கர் இருக்குதுல்ல?" என்று கத்தினேன். பக்கத்துக் குடும்பங்கள் திரும்பிப் பார்த்தன.

அப்பா பல்லைக் கடித்தார். "மானத்த வாங்காத. அவதான் குந்திகினு கீறாளே, லாக்கர் எதுக்கு?"

"அப்ப இன்னிக்கு நீங்க குந்துங்கப்பா." அத்தையின் மடியில் இருந்ததை எல்லாம் அள்ளி அவர் கைகளில் திணித்தேன். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராகப் படகுக்குப் போனேன்.

வரிசையில் அவள் சின்னப் பிள்ளைபோல் எட்டி எட்டிப் பார்த்தாள். எங்கள் முறை வந்தது. படகில் ஏற்றிவிடும் பையன் தெற்கத்திக்காரன். அவள் நடையைக் கவனித்துவிட்டான். "அம்மா, முட்டுவலியா? ஏத்தப்படாதும்மா. ஏதும் ஆச்சுன்னா என்னையத்தான் வைவாங்க." அறிவிப்புப் பலகையைக் காட்டினான். முதுகுவலி, மூட்டுவலி உள்ளவர்களுக்கு அனுமதி இல்லை. அவன் மேல் தப்பு சொல்ல முடியாது. நல்ல கால் இருந்தபோது அவளை உட்கார வைத்தோம். எங்களுக்காக நின்று நின்று கால் போன பிறகு கூட்டி வந்திருக்கிறேன்.

"பரவால்ல வுடு" என்றாள் அத்தை.

"எல்லாத்துக்கும் பரவால்ல, பரவால்லன்னு சொல்லித்தான் இப்படி ஆச்சு!" என்று அவள் மேலேயே பாய்ந்தேன்.

அவள் நின்றுவிட்டாள். "என் மேல ஏண்டி எகிர்ற? நான் வாயத் தொறந்துதானே கேட்டேன்? ஒரு ஆளுக்காவது காது கேட்டுச்சா?" இத்தனை வருடத்தில் அத்தை கோபப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு வரிசையை விட்டு வெளியே வந்து, "அந்த அலை வர தொட்டியில போர்டு கீர்டு எதுனா வச்சிருக்கானா?" என்று கேட்டாள்.

வைக்கவில்லை. வாடகை நைலான் உடுப்பை மாட்டிக்கொண்டு, என் தோளைப் பிடித்தபடி முட்டியளவுத் தண்ணீருக்குப் போனாள். பிறகு இடுப்பளவுக்கு. தண்ணீரில் கால் பாரம் தெரியவில்லை என்றாள். முதல் அலை முகத்தில் அடித்ததும் மூக்கில் தண்ணீர் ஏறி, இருமி, என்னைத் தள்ளிவிட்டு இரண்டாவது அலைக்குத் தானே நின்றாள்.

கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். கரையில் அப்பா. இரண்டு தோளிலும் பைகள், கையில் செருப்புக் கவர், முகம் வேர்த்துப் போயிருந்தது. "இன்னும் எவ்ளோ நேரம்? ஒருத்தன் ஒரே எடத்துல எவ்ளோ நேரம்தான் குந்திகினே கெடப்பான்? இடுப்பே வுட்டுப்போச்சு!"

எனக்குப் பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் அத்தை முகத்தை வழித்துவிட்டு அவரைப் பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை.

"போய் குந்துண்ணா. நான் இன்னும் குளிச்சி முடிக்கல."