படத்தின் ஓரத்தில் ஒரு காது

றக்வானைக்குக் கீழே மண்மேடு சரிந்து பாதை அடைபட்டிருந்தது. எம்பிலிப்பிட்டியில் ஆளை இறக்கிவிட்டுத் திரும்பிய என் ஆட்டோவுக்கு முன்னால் ஒரு லொறி, பின்னால் ஒரு பஸ். அப்போதுதான் பஸார் ஸ்டூடியோ நானாவின் மகன் போன் பண்ணினார்.

"அங்கிள், வாப்பா மௌத்தாகிட்டாங்க. அஸருக்குப் பொறகு அடக்கம். வந்துருங்க."

இறங்கி ஓடினேன். சரிவுக்கு முன்னால் நின்ற பொலிஸ்காரர் கையை விரித்து, "யன்ன பே மல்லி" என்றார். போக முடியாது. திரும்பி வந்து ஆட்டோவுக்குள் உட்கார்ந்தேன். அடக்கம் முடிந்த பிறகுதான் பாதை திறந்தது. முகம் பார்க்கக் கிடைக்கவில்லை.

பஸாரில் அடையாள அட்டைக்குப் படம் எடுத்துக்கொண்ட உங்கள் எல்லோரையும் அவர் அதட்டியிருப்பார். "தலைய நிமித்துங்க. ரெண்டு காதும் தெரியணும். சிரிக்க வாணாம்." பகல் முழுவதும் அந்தச் சின்ன அறைக்குள் அடைபட்டுக் கிடப்பார். அஸர் தொழுததும் கடையை மகனிடம் விட்டுவிட்டு, கேமராவோடு என் ஆட்டோவில் ஏறுவார். "நல்ல வெளிச்சத்தையெல்லாம் கடை தின்னுது தம்பி. மிச்சம் மீதிதான் எனக்கும் குருவிக்கும்."

எங்கள் தோட்டத்தில் தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில், சிங்களத்தில் ஹபன் குக்குளா என்கிற காட்டுப்பறவை பொழுது சாயக் கூவும். குரல் எல்லோருக்கும் தெரியும், ஆளைக் கண்டவர்கள் குறைவு. அதை ஒரே ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்பதுதான் நானாவின் ஆசை. ஆனால் கைக்கு நடுக்கம் வந்துவிட்டது. வருடத்துக்கு வருடம் கூடியது. மங்கல் வெளிச்சத்தில் கேமராவின் கண் கொஞ்ச நேரம் திறந்தே இருக்க வேண்டுமாம். அதற்குள் ஒரு மயிர் அசைந்தாலும் படம் புகைதான். ஃபிளாஷ் அடிக்கலாமே என்றால், "படுக்கப் போற உசுருட மூஞ்சில வெளிச்சம் அடிக்கிறதா?" என்று முறைப்பார்.

சரிவில் இரும்பு ஸ்டாண்ட் நிற்காது. ஆகவே என் தோள். ஆண்டவன் எனக்குப் படிப்பில் வைத்த குறையைச் சதையில் ஈடுகட்டியிருந்தான். காட்டுக்கு முதுகைக் காட்டி, நானாவைப் பார்த்தபடி நான் உட்கார வேண்டும். என் தோளில் கேமராவை வைத்து அவர் காட்டைப் பார்ப்பார். சருகு சரசரத்தால் போதும், என் கழுத்து தானாகத் திரும்பும். தோளும் கூடவே போகும். படம் பாழ்.

"கடையில வாங்கின ஸ்டாண்டா இருந்தா திருப்பிக் குடுத்திருப்பேன்" என்பார். "உங்கள எங்க தம்பி திருப்பிக் குடுக்கிற?"

ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. பாதை வேலைக்குக் கொண்டுவந்து போட்ட பெரிய கொங்கிரீட் குழாய் ஒன்று காட்டோரம் கிடந்தது. மறுமுனை மண்ணில் புதைந்திருந்தது. நானா உள்ளே புகுந்தார். பின்னாலேயே நான் புகுந்து, குழாயின் வாயருகே அவரைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். மழை விட்டதும் எழப் பார்த்தேன். அசைய முடியவில்லை. இடப்பக்கச் சதை ஒரு சுவரில், வலப்பக்கச் சதை மறு சுவரில், நடுவில் நான். எனக்குப் பின்னால் இருட்டிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் வெளியே வர வழியில்லாமல் நானா.

"நானா, மாட்டிக்கிட்டேன்."

"தெரியுது. நானும்தான்."

"கத்தவா? லயத்து வீடுகள்ல யாராச்சும்..."

"வாயப் பொத்துங்க." குரல் திடீரென்று இறங்கியது. "குருவி வந்தீக்கிது."

என் முதுகுக்குப் பின்னால் சருகு சரசரத்தது. கழுத்தைத் திருப்பத் துடித்தேன், குழாய் விடவில்லை. காலில் அட்டை ஏறியதும் தெரிந்தது. நானா கேமராவை என் தோளில் அழுத்தினார். விரல் நடுங்கியது. ஒரு கண் கேமராவுக்குள், மற்றக் கண் இறுக்க மூடி, கீழுதட்டைக் கடித்து, பரீட்சை எழுதும் பிள்ளையைப் போல ஒரு முகம். காதுக்குப் பக்கத்தில் டக் என்றது. பிறகு அவர் மூச்சை விட்டார். சிரிக்க வேண்டாம் என்று ஊரையே அதட்டிய மனிதர், பல் முழுவதும் தெரியச் சிரித்தார்.

அதன்பிறகு காலால் என்னை உதைத்துத் தள்ளினார். "மூச்ச உள்ள இழுங்க. வயித்தக் கொஞ்சம் ரத்தினபுரிக்கு அனுப்புங்க." சட்டை கிழிய வெளியே விழுந்தேன்.

கடைச் சுவரில் தொங்குவது அந்தப் படம்தான். ஈரச் சருகின் மேல் ஒரு காலைத் தூக்கி நிற்கும் பறவை. ஓரத்தில் மங்கலாக என் காது. வெட்டிவிடுங்கள் என்றேன். "காது தெரியணும் தம்பி, சட்டம்" என்றார். என் மகள் மட்டும், "நேர்ல எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்டாள். இன்றுவரை நான் அந்தப் பறவையை நேரில் பார்த்ததில்லை.

மண்சரிவில் மாட்டிக் கடைசியாக முகம் பார்க்காமல் போனாயே என்று பஸாரில் எல்லோரும் என்னிடம் வருத்தப்படுகிறார்கள். எனக்கும் வருத்தம்தான். ஆனாலும் பறவை உங்கள் எல்லோருக்கும் சுவரில் இருக்கிறது. அதைப் பார்த்த நானாவின் முகம் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.